தண்டர்பேர்டை உருமாற்றி மூன்று மழைக்காலம்

என்னுடையது 2014இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350. 346 சிசி என்ஜின், 20 லிட்டர் டேங்க், முதுகுக்குச் சாய்மானம் என நெடுந்தூரப் பயணத்துக்காகவே செய்த வண்டி. எட்டு ஆண்டுகள் அப்படியே ஓட்டிவிட்டு, 2022இல் கோவையில் ஒரு பட்டறையில் உருமாற்றக் கொடுத்தேன். அதன்பின் 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

சின்ன டேங்க் போட்டால் வண்டி அழகாகும் என்றார்கள். மறுத்துவிட்டேன். லிட்டருக்கு 35 கிடைக்கும் என் வண்டி, ஒருமுறை நிரப்பினால் கோவையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ந்த பிறகும் பெட்ரோல் மிச்சம் வைத்திருக்கும். அதை இழந்து வரும் அழகு எனக்கு வேண்டாம்.

சட்டகத்தையும் அறுக்க விடவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆகவே சைலன்சர் பழையதுதான், இருக்கையும் இருவருக்கானதுதான். கழற்றிய பாகங்கள் எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கின்றன. சேலைக் காப்பையும் பட்டறையில் கழற்றியிருந்தார்கள். பின்சக்கரத்தில் துப்பட்டா சிக்கினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவன் நான். அன்றே திரும்ப மாட்டச் சொன்னேன்.

நான் பெரிதும் தவறியது ஹேண்டிலில். வளைந்த பழையதை எடுத்துவிட்டுத் தட்டையான குழாய் போட்டேன். இந்த வண்டியில் கால்மிதி சற்று முன்னால் இருக்கிறது. கையும் முன்னால், காலும் முன்னால் என்றானதும் உடல் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கியது. நூறு கிலோமீட்டருக்குள் வலி வந்துவிடும். ஹேண்டில் தாழ்ந்ததால் கிளட்ச் கேபிள் நீளம் மிஞ்சி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மடங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் உரசிக்கொண்டிருந்தது. ஆறாம் மாதம் கழற்றிப் பார்த்தால் கறுப்பு உறை தேய்ந்து உள்ளே இரும்புச் சுருள் பளபளத்தது. வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அது அறுந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஹேண்டில் மாற்றுபவர்கள் கேபிளையும் பிரேக் ஹோஸையும் அளந்து மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். நான் பழைய ஹேண்டிலையே திரும்பப் போட்டுக்கொண்டேன்.

பின் மட்கார்டைக் குட்டையாக்கியது மழையில் தெரிந்தது. சட்டை முதுகில் சேற்றுக்கோடு விழுந்தது. ரப்பர் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டதும் தீர்ந்தது. வண்ணத்தை மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டேன்.

இருக்கையில் மட்டும் முழுத் திருப்தி. தைத்தவர் என்னை வண்டியில் உட்காரவைத்து, தொடை படும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். அடியில் கெட்டி நுரை, மேலே மென்நுரை. மூன்று ஆண்டாகியும் இன்னும் அமுங்கவில்லை. மனைவிக்கோ பின்னால் சாய இடமில்லை என்ற குறை இருந்துகொண்டே இருந்தது. போன வாரம் பரணிலிருந்து பழைய சாய்மானத்தை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். போல்ட்டு வந்ததும் மாட்டிவிடுவேன்.