செவ்வாய் விடியலில் மல்யுத்தம்: நெட்பிளிக்ஸில் ‘ரோ’ பார்த்த அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கேபிள் இணைப்பில் பல ஆண்டுகளாக மல்யுத்தத்தைக் காட்டிவந்த இந்திய விளையாட்டு அலைவரிசையின் உரிமை 2025 மார்ச் மாதத்துடன் முடிவடைந்து, நிகழ்ச்சிகள் நெட்பிளிக்ஸுக்கு மாறியதால், வேறு வழியின்றி நானும் அதன் சந்தாதாரரானேன். சேவையில் குறைசொல்ல அதிகமில்லை. ‘ரோ’ என்பது அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. (WWE) நிறுவனம் நடத்தும் வாராந்த மல்யுத்த நிகழ்ச்சி. அந்நாட்டின் கிழக்குக் கரையில் பெரும்பாலும் திங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் அது, அங்கே கோடைகாலமாயின் நமக்குச் செவ்வாய் விடியற்காலை 5.30க்கும், குளிர்காலமாயின் 6.30க்கும் வருகிறது. முன்பு அதைத் தவறவிட்டால் மறுஒளிபரப்பு எப்போது என்று தேட வேண்டும். இப்போது அலுவலகத்தால் வந்து, தேநீரோடு அமர்ந்து, சலிப்பூட்டும் வாய்ச்சண்டைகளை ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, மாலைவரை கைபேசியை எட்டிப் பார்க்கக் கூடாது. வெற்றி தோல்வி காலை உணவுக்கு முன்னரே அதில் வந்துவிடுகிறது.

ஆயினும் இந்த மாற்றம் புதிய இரசிகர்களை உருவாக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மல்யுத்தத்தைத் தேடிப்போய்ப் பார்க்கத் தொடங்கியவர் நம்மில் எத்தனைபேர்? 2002இல் தொடங்கிய டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையே இலங்கை அணியின் உள்ளூர்க் கிரிக்கெட் போட்டிகளையும் பல ஆண்டுகள் ஒளிபரப்பியது. ஆட்டத்துக்காகக் காத்திருந்த கண்களில் மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் தட்டுப்பட்டார். கொட்டாஞ்சேனையில் நான் முடிவெட்டிக்கொண்ட சலூனில், வேலை முடிந்து காசும் கொடுத்துவிட்டவர்கள் வாசலில் நின்றபடியே கடைசிச் சண்டையைப் பார்த்து முடித்த பிறகுதான் வீதியில் இறங்குவார்கள். அவர்களில் ஒருவரும் இதற்கெனச் சந்தா கட்டியிருக்கமாட்டார்.

இந்நிகழ்ச்சியின் பொற்காலமும் அலைவரிசை மாற்றும் விரல்களால் அமைந்ததுதான். 1993 ஜனவரியில் தொடங்கிய ‘ரோ’வுக்கு எதிராக, 1995 செப்டம்பரில் டபிள்யூ.சி.டபிள்யூ. (WCW) என்ற போட்டி நிறுவனம் அதே திங்கள் இரவில் ‘நைட்ரோ’வை இறக்கி, பின்னர் 83 வாரங்கள் தொடர்ந்து பார்வையாளர் கணக்கில் முந்தியது. ரிமோட்டைக் கையில் வைத்திருந்தவனை இழுத்துப் பிடிக்க இரு தரப்பும் செய்த துணிச்சல்களே அந்த ஆண்டுகளைச் சூடாக வைத்திருந்தன. 2001இல் அந்தப் போட்டி நிறுவனத்தை ‘ரோ’வின் நிறுவனமே விலைக்கு வாங்கியபின் அத்தகைய சூட்டை நான் கண்டதில்லை.

“மாமா, ஆர் வெல்லுறது எண்டு முதலே எழுதி வச்சிருக்கினமாம், பிறகேன் பாக்கிறீங்கள்?” என்று என் அக்காவின் மகன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்புவதற்காக, இது வெறும் கேளிக்கைதான் என்று ‘ரோ’வை நடத்தும் நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநில செனற் சபையில் ஒப்புக்கொண்டுவிட்டது. அபிமன்யு சாவான் என்று தெரிந்தும் விடியும்வரை கூத்துப் பார்க்கிறோமே என்றேன். அவன் கூத்தும் பார்த்ததில்லை.

கேபிளில் நான் கடைசியாகப் பார்த்த பெரிய காட்சி, 2025 மார்ச் 1ஆம் திகதி டொரொன்டோவில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் நல்லவனாகவே வாழ்ந்த மல்யுத்த வீரர் ஜோன் சீனா, தான் கட்டியணைத்த சக வீரர் கோடி ரோட்ஸை அடித்து வீழ்த்தி வில்லனானது. நேரம் நம்முடையதில் ஞாயிறு காலை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும் அதே கணத்தில் ஒரு கூச்சல் கேட்டது. அடுத்த மாதம் லாஸ் வேகஸில் சீனா 17ஆவது தடவையாகச் சம்பியனானதை நெட்பிளிக்ஸில் பார்த்தேன். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. எதிர்வீட்டிலிருந்து சத்தமே இல்லை. மாலையில் கேட்டபோது, எதிர்வீட்டுக்காரர் டொலரில் அறவிடும் சந்தா கட்டுபடியாகாது என்றும், கைபேசியில் ஒரு நிமிடத் துண்டாகப் பார்த்துவிட்டதாகவும் சொன்னார்.

மல்யுத்தத்தில் ஏற்கெனவே ஊறியவர்களுக்கு இந்தச் சந்தாவைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த எண்ணுபவர்கள், முதல் சில வாரங்கள் பக்கத்தில் அமர்ந்து யார் யாருக்குப் பகை என்று கதை சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.