பள்ளியில் பிள்ளையின் பெயரை யார் முடிவு செய்வது? வர்ஜீனியாவின் இரண்டு கொள்கைகள்

என் மகன் கிண்டர்கார்டன் சேர்ந்த முதல் நாள், டீச்சர் வருகைப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டது அவன் அப்பா பெயரை. நம் ஊர் இனிஷியல் பாஸ்போர்ட்டில் விரிந்து முதல் பெயர் இடத்தில் ஏறிவிட்டிருந்தது. "அது அப்பா பேரு" என்றான் பிள்ளை. டீச்சர் பேனாவால் அடித்து, அவன் சொன்ன பெயரை மேலே எழுதிக்கொண்டார். அரை நிமிடம் ஆகியிருக்கும். எங்களிடம் ஒரு கடிதம்கூடக் கேட்கவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் இரண்டு மாதிரிக் கொள்கைகளையும் படிக்கும்போது இந்தக் காட்சிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. திருநர் மாணவர்களைப் பள்ளிகள் எப்படி நடத்த வேண்டும் என்று மாநிலக் கல்வித்துறை வழிகாட்ட வேண்டும் என 2020-ல் சட்டம் வந்தது. ஆளுநர் ரால்ஃப் நார்த்தம் காலத்தில், 2021 மார்ச்சில் முதல் கொள்கை வந்தது. அடுத்து வந்த கிளென் யங்கின் அதை மாற்றி 2023 ஜூலையில் இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

பெயரில்தான் முதல் வேறுபாடு. 2021 கொள்கைப்படி, பிள்ளை தன்னை எப்படி அழைக்கச் சொல்கிறதோ அப்படியே ஆசிரியர் அழைக்க வேண்டும், சான்றிதழ் தேவையில்லை. 2023 கொள்கைப்படி, பதிவேட்டில் உள்ள பெயர், அல்லது அந்தப் பெயருக்கு வழக்கமாக உள்ள சுருக்கம், இவ்வளவுதான். வேறு பெயரோ, அவன் அவள் என்ற மாற்றமோ வேண்டுமென்றால் பெற்றோர் எழுதிக் கேட்க வேண்டும். கார்த்திகேயன் 'கார்த்' ஆகலாம். ஆனால் கார்த்திகா 'கார்த்திக்' ஆக வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கடிதம் வர வேண்டும்.

சரி, கடிதத்தில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோரில் பெரும்பாலானோர் கேட்பதும் இதுதான். "தலைவலி மாத்திரை கொடுக்கவே நம்மகிட்ட கையெழுத்து வாங்குறாங்க, இதை மட்டும் எப்படி நம்மகிட்ட மறைக்கலாம்?" இந்தக் கேள்வியை வெறுப்பு என்று ஒதுக்குவது அநியாயம். 2021 கொள்கையின் பலவீனமே இங்கேதான். பிள்ளை இன்னும் தயாராக இல்லை என்றால் பள்ளி வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். அது எத்தனை நாள் நீளலாம் என்று கேட்ட பெற்றோருக்கு மனம் ஆறும்படியான பதில் கிடைக்கவில்லை.

ஆனால் 2023 கொள்கை அந்த ஓட்டையை அடைக்கப் போய், பிள்ளைக்கு இருந்த ஒரே கதவையும் சாத்திவிட்டது. பாலின அடையாளம் தொடர்பானது உட்பட முக்கியமான எதையும் பெற்றோரிடமிருந்து மறைக்கும்படி ஆசிரியர்களுக்குச் சொல்லக் கூடாது என்கிறது அது. நல்ல வீட்டில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. உண்மை தெரிந்தால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு? தமிழ்நாட்டில் எத்தனை திருநங்கைகளின் வாழ்க்கை வீட்டை விட்டு வெளியேறிய இரவில் தொடங்குகிறது என்று நமக்குத் தெரியாதா?

கழிப்பறையைப் பற்றித்தான் கூச்சல் அதிகம். ஆனால் அலச அங்கே குறைவாகவே இருக்கிறது. 2021 கொள்கை, பிள்ளையின் பாலின அடையாளப்படி என்றது. 2023 கொள்கை, பிறப்பின் பாலினப்படி என்றது, ஆனால் கூட்டாட்சிச் சட்டம் வேறு மாதிரிச் சொன்னால் அதன்படி என்றும் சேர்த்துக்கொண்டது. தன் அடையாளப்படியான கழிப்பறைக்காகக் கேவின் கிரிம் என்ற திருநர் மாணவர் தொடர்ந்த வழக்கில் வர்ஜீனியா வழக்குகள் போகும் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-லேயே மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. லவுடன், ஃபேர்ஃபேக்ஸ் போன்ற வடக்கு வர்ஜீனியா மாவட்டங்கள் பழைய வழியிலேயே நின்றன.

அப்புறம் இனச் சமத்துவம். இது அந்த இரண்டு கொள்கைகளுக்கும் வெளியே உள்ளது, ஆனால் பள்ளிகளைப் பற்றிய அதே சண்டையின் இன்னொரு பக்கம். இங்கே நம்மவர்களுக்கு நேரடியாகவே வலிக்கும். ஃபேர்ஃபேக்ஸில் போட்டி போட்டு இடம் பிடிக்க வேண்டிய பொதுப் பள்ளியான தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு இருந்த வரை, ஆறாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் போகும் பிள்ளைகள் நம் தெருவிலேயே உண்டு. 2020 இறுதியில் ஃபேர்ஃபேக்ஸ் பள்ளி வாரியம் அந்தத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் நீக்கியது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்கியது. இடம் பெற்ற ஆசிய மாணவர் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆனது. கறுப்பின மாணவர் 1-லிருந்து 7. ஹிஸ்பானிக் மாணவர் 3-லிருந்து 11. ஏழை வீட்டுப் பிள்ளைகள் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்து 25 ஆனார்கள். இது ஆசியர்களுக்கு எதிரான பாகுபாடு என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2022-ல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார்கள், 2023-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

ராத்திரி பகலாகப் படித்த பிள்ளைக்கு இடம் போனால் அந்த வீட்டு வருத்தம் உண்மையானது. ஆனாலும் நான் புதிய முறையின் பக்கம்தான். அதே 2020-ல்தான் தமிழ்நாடு, நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கியது. அதைக் கொண்டாடிய வாட்ஸ்ஆப் குழுக்களிலேயே இந்த 1.5 சதவீதத்தை அநியாயம் என்று எழுதினார்கள். இரண்டுமே பிள்ளை படித்த பள்ளியைப் பார்த்துக் கொடுக்கப்பட்ட இடங்கள்.

யங்கின் பதவியேற்ற 2022 ஜனவரி 15 அன்றே போட்ட முதல் உத்தரவு, பிரிவினை உண்டாக்கும் கருத்துகளைப் பள்ளியிலிருந்து நீக்கச் சொன்னது. ஆசிரியர்களைப் பற்றிப் பெற்றோர் புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியும் வந்தது. அதே ஆண்டு மூடப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வைக்க மனமில்லாமல், 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே பூட்டி வைத்த பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. பிரிவினையைப் பேசாமல் அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது? இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை, யங்கினுக்கு முந்தைய வழிதான் சரி.

பெயர் விஷயத்தில் மட்டும் 2021 கொள்கையோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். பிள்ளை சொன்ன நாளிலிருந்தே பள்ளியின் ஆலோசகர் ஒருவர் கூட இருந்து, வீட்டில் எப்போது, எப்படிச் சொல்லலாம் என்று திட்டமிட உதவ வேண்டும். வீட்டில் ஆபத்து இல்லையென்றால் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச எனக்குக் கிடைக்கும் ஓரிரண்டு நிமிடத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.