‘ரேடியம் பவுடர்’ வாங்குபவர்கள் கவனத்துக்கு

குமுளியில் வீட்டிலேயே ரெசின் (அச்சில் ஊற்றினால் கெட்டியாகும் பிசின்) கீசெயின் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். கார்த்திகை பிறந்தால் கம்பம் வழியாக ஐயப்ப பக்தர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். வருஷத்தில் எங்களுக்கு நல்ல வியாபாரம் அந்த இரண்டு மாதம்தான். போன சீசனுக்கு ஏலக்காய்க் கடைச் சேட்டன் ஒருவர், இருட்டில் ஒளிரும் யானை கீசெயின் 200 வேண்டும் என்றார்.

அதற்கு ரெசினில் கலக்கும் ஒளிரும் பவுடர், நான் வழக்கமாக வாங்கும் இடத்தில் அப்போது இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் அரைக் கிலோவைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். மணிக்கணக்கில் ஒளிரும் ரகம் வேண்டும் என்பதால், “ஸ்ட்ரான்சியம் அலுமினேட்தானே தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டேன். “ஒரிஜினல் அக்கா, ராத்திரி பூரா எரியும்” என்று ஒரு வீடியோவும் அனுப்பினார். பார்சல் வந்ததும் டார்ச் அடித்து, விளக்கை அணைத்துப் பார்த்தேன். பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது. அதை நம்பி 200 யானையும் ஊற்றிவிட்டேன்.

கொடுத்த மூன்றாம் நாள் சேட்டன் கூப்பிட்டார். வீட்டுக்கு ஒன்று கொண்டுபோய் மகள் கட்டிலில் மாட்டியிருக்கிறார். “மோள் ராத்திரி எழுந்து பார்த்தா ஒண்ணுமே தெரியல்ல சேச்சி.” விற்றது போக 170 திரும்பி வந்தது.

விற்றவரைக் கேட்டால், பவுடர் ரெசினில் அடியில் தங்கியிருக்கும் என்றார். ரெசினைவிட மூன்று மடங்கு கனமான பவுடர் தங்கத்தான் செய்யும். அதனால்தான் கலவை தேன் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து ஊற்றுகிறேன். ஒரு யானையை ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். முதுகு முதல் பாதம் வரை ஒரே சீராகத்தான் இருந்தது. பிறகு அளவு போதாது என்றார். எடையில் 20 சதவீதம் போட்டிருக்கிறேன் என்றதும் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்.

அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். வழக்கமான இடத்தில் முன்பு வாங்கிய பழைய பவுடரில் கொஞ்சம், புதியதில் கொஞ்சம், இரண்டு பாட்டில் மூடிகளில் எடுத்துப் பத்து நிமிஷம் வெயிலில் வைத்துவிட்டு அலமாரிக்குள் பூட்டினேன். பகலில் இரண்டும் வெளிர் மஞ்சள்பச்சைதான், கண்ணால் பிரிக்க முடியாது. உள்ளே வைத்த உடனேயும் பெரிய வித்தியாசம் இல்லை. அரை மணி கழித்துத் திறந்தால் புதியது கிட்டத்தட்ட செத்துவிட்டது. பழையது விடிகாலை நாலு மணிக்கும் மங்கலாகத் தெரிந்தது.

எனக்கு வந்தது துத்தநாக சல்பைடு, சீக்கிரம் மங்கிவிடும் அந்தக் காலத்துச் சரக்கு. 1990களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற தனிமங்கள் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டைக் கொண்டுவந்த பிறகுதான் மணிக்கணக்கில் ஒளிரும் பவுடர் பரவலானது. (நாம் எல்லாவற்றையும் ரேடியம் என்கிறோம். இரண்டிலும் ரேடியம் கிடையாது.) கொஞ்ச நேரம் ஒளிர்ந்தால் போதும் என்கிற வேலைக்குத் துத்தநாக சல்பைடு தவறில்லை. அதை இன்னொன்றின் பெயரில் விற்றதுதான் ஏமாற்று.

அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்று என் தங்கை சொன்னாள். பவுடரைப் பிடித்திருந்தவரின் வெள்ளைச் சட்டைக் கையும் நீலமாக மின்னியது. வெள்ளைத் துணி அப்படி மின்னுவது புற ஊதா (UV) விளக்கில்தான்; அப்படியென்றால் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இலவசமாக அனுப்பிய பிங்க், ஊதாப் பவுடர்களும் அந்த ரகம்தான். அந்த விளக்கு இருக்கும்வரை மின்னும், அணைத்தால் ஒன்றுமில்லை.

அதனால், முதலில் 25 கிராம் மட்டும் வாங்குங்கள். விளக்கை அணைத்த நிமிஷத்தில் முடிவெடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் இருட்டில் வைத்துப் பாருங்கள். வீடியோ கேட்டால், விளக்கை அணைத்து அரை மணி கழித்து எடுத்ததைக் கேளுங்கள்.

சேட்டனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிச்சமிருக்கும் 100 கிராமை யாருக்கும் விற்கப் போவதில்லை. தெரிந்தவர்கள் யாராவது பவுடர் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சிட்டிகை கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அந்த இரண்டு மூடிகளும் அலமாரியில்தான் இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.