ஃப்ரேம்வொர்க் 13 அல்லது மேக்புக் ஏர்: காசு எதற்குக் கொடுக்கிறோம்?

2025-இல் வந்த மாடல்களின் ஆரம்ப விலையை மட்டும் பார்த்தால் மேக்புக் ஏர்தான் ஜெயித்தது. 2025 மார்ச்சில் எம்4 சிப்போடு வந்த 13 அங்குல ஏர் அமெரிக்காவில் அப்போது 999 டாலர். 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அதே வருடம் ரைசன் ஏஐ 300 சிப்போடு வந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 13 (பாகங்களை நாமே கழற்றி மாற்றும்படி செய்த லேப்டாப்), முழுசாகப் பூட்டி வாங்கினால் 1,099-இல் தொடங்கியது. 899-க்கும் ஒன்று கொடுத்தார்கள், ஆனால் அதில் ராம், எஸ்எஸ்டி, சார்ஜர், விண்டோஸ் எதுவும் கிடையாது, எல்லாம் தனியாக வாங்கி நாமே மாட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, கொஞ்சம் மேலே போவோம். அதே ஏரில் 32 ஜிபி ராமும் 1 டிபி எஸ்எஸ்டியும் கேட்டால் அப்போது 1,799 டாலர் ஆனது. இரண்டுமே உள்ளேயே பற்றவைத்தவை, அப்புறம் மாற்ற வழியில்லை, அதனால் நான்கு வருடம் கழித்து என்ன தேவைப்படும் என்பதை இன்றே யூகித்து இன்றே காசு கட்ட வேண்டியிருக்கிறது, எனக்கு ஏரில் பெரிய குறையாகப் படுவது இதுதான். ஃப்ரேம்வொர்க்கில் ராமுக்கு இரண்டு ஸ்லாட், 96 ஜிபி வரை போடலாம். இன்று 16, தேவை வந்தால் கூட்டிக்கொள்ளலாம். 2025 கடைசியில் ராம் விலை எகிறியதில் இந்த லாபம் கொஞ்சம் சுருங்கியது உண்மைதான், ஆனாலும் கையில் இருக்கும் ராமைக் கழற்றி அடுத்த மதர்போர்டில் மாட்ட முடியும் என்றால் (அதுவும் இதே டிடிஆர்5 வகை ராமை எடுக்கும்வரை) அந்தக் காசு வீணாகாது.

பழுது விஷயத்தில் போட்டியே இல்லை. ஃப்ரேம்வொர்க்கின் அடிப்பக்கத்தில் ஐந்து ஸ்க்ரூ, அதற்கான ஸ்க்ரூ டிரைவரும் பெட்டியிலேயே வரும். பேட்டரி, கீபோர்டு, திரை எல்லாம் தனித்தனியாக விற்கிறார்கள். 2021-இல் 11-ஆம் தலைமுறை இன்டெல்லோடு வாங்கியவர் அதே உடம்பில் 2025 போர்டை மாட்டிக்கொள்ளலாம். ஏரில் கீபோர்டு மேல்மூடியோடு ரிவெட் அடித்து வருகிறது, ஒரு கீபோர்டு போனால் செலவு பெரிது.

ஆனால் தினசரிப் பயன்பாடு என்று வந்தால் ஏர் நிஜமாகவே நல்ல மெஷின். மின்விசிறியே கிடையாது, சத்தமில்லை; வீடியோ ஓடினால் 18 மணி நேரம் என்கிறது ஆப்பிள், ஃப்ரேம்வொர்க் அந்தப் பக்கமே போகாது, போதாக்குறைக்கு வேலை கூடினால் விசிறிச் சத்தமும் கேட்கும்.

எழுத்து, வகுப்பு, பயணம் என்று இருப்பவர், மெஷினைத் திறந்து பார்க்கவே விரும்பாதவர் ஆரம்ப விலை ஏரை வாங்குவது நல்லது, மேலே எதையும் கூட்ட வேண்டாம். லினக்ஸில் வேலை, விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி ஓட்டுவது), ராம் போதவில்லை என்ற புலம்பல், ஒரே லேப்டாப்பை ஏழெட்டு வருடம் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஃப்ரேம்வொர்க். உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் இரண்டுக்கும் அவர்களே ஆதரவு தருகிறார்கள். ஒன்று மட்டும் முதலில் பாருங்கள்: உங்கள் நாட்டுக்கு உதிரிபாகங்களை நேரடியாக அனுப்புகிறார்களா? இல்லையென்றால் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.