பாஸ்வேர்டு கேட்காதவனை நம்பினேன், ரூ.18,700 போச்சு

சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்று திங்கள், இன்னும் ஆறவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூரில் வீட்டிலேயே ஆரி ஒர்க் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஆர்டர் எல்லாம் இன்ஸ்டா, பேஸ்புக் பேஜ் வழியாகத்தான். ஜூனில், ‘பேஜை வளர்த்துத் தருகிறோம்’ என்கிற ரகத்து ஆபீஸ் ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்தான். மூன்று மாதத்துக்கு 4,000 ரூபாய். அவர்கள் செயலியே நேரம் பார்த்துப் பதிவு போடும், விளம்பரமும் ஓட்டும் என்றான்.

தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காபி குடித்தான். “பாஸ்வேர்டு யாரு கேட்டாலும் சொல்லாதீங்கக்கா, நாங்களும் கேட்க மாட்டோம். இதுல ஓகே மட்டும் குடுங்க” என்றான். அங்கேதான் விழுந்தேன். பாஸ்வேர்டே வேண்டாம் என்கிறானே, நல்ல பிள்ளை என்று தோன்றியது. திரையில் அவர்கள் செயலிக்கான பேஸ்புக் அனுமதிகள் வரிசையாக இருந்தன: பேஜில் பதிவிட, மெசேஜ் படிக்க, விளம்பரங்களை நிர்வகிக்க. கையில் ஆரி ஊசி, அடுப்பில் பால். படிக்காமலே ‘கன்டினியூ’வைத் தட்டினேன். அவன் சாவி கேட்கவில்லை, நானே இன்னொரு சாவி வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பரில் பேக்கேஜ் முடிந்தது. ஆர்டர் ஒன்றுகூட ஏறவில்லை. (வந்த ஃபாலோயர்களில் பாதிப் பேர் எந்த ஊரோ, யாருக்குத் தெரியும்!) வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனிலிருந்து செயலியையும் அன்இன்ஸ்டால் செய்தேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீபாவளிக்காக பேஸ்புக் விளம்பரக் கணக்கில் யுபிஐயில் 14,700 ஏற்றி வைத்திருந்தேன். ஞாயிறு காலையில் பழைய கஸ்டமர் அம்மா ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, “என்னம்மா, லோன் குடுக்க ஆரம்பிச்சுட்டியா?” என்றார். என் பேஜ் பெயரில், நான் தைத்த மயில்கழுத்துப் பிளவுஸ் முகப்புப் படத்தோடு, ஐந்து நிமிடத்தில் கடன் என்று விளம்பரம்! கணக்கைப் பார்த்தால் பூஜ்யம். பேக்கேஜ் 4,000, இது 14,700. மொத்தம் 18,700. ஒரு மாதம் கண் வலிக்கத் தைத்த காசு.

அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். ஜூனில் ‘அக்கா’, இப்போது ‘மேடம்’. “டெக்னிக்கல் டீம் பார்க்கிறாங்க மேடம்.” மறுபடி அடித்தால், “உங்க போன்ல வைரஸ் இருக்கும் மேடம்.” மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. இன்று காலை வடபழனி ஆபீஸுக்கே போனேன். சார் மீட்டிங்கில் இருக்கிறாராம். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, “நீங்கதானே பர்மிஷன் குடுத்தீங்க” என்று அனுப்பினார்கள். வங்கியிலும் அதே பாட்டு: பணத்தை நீங்களே ஏற்றினீர்கள், நாங்கள் என்ன செய்ய? சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். 18,700 திரும்பும் என்ற நம்பிக்கை இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். செயலியைப் போனிலிருந்து அழித்தால் அனுமதி போகாது. பேஸ்புக் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்’ பாருங்கள். அங்கே இல்லையென்றால் ‘பிசினஸ் இன்டகிரேஷன்ஸ்’ என்று தனியாக இருக்கும், என்னுடையது அதில்தான் ஒளிந்திருந்தது. ரிமூவ் கொடுங்கள். இன்ஸ்டாவிலும் கூகுளிலும் இதே மாதிரி பட்டியல் உண்டு. நான் பதற்றத்தில் இன்ஸ்டா பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்த அனுமதியோ பேஸ்புக்கில் அப்படியே இருந்தது. ரிமூவ் செய்தாலும் அதுவரை எடுத்த தகவல் அவர்களிடம் இருக்கும், கஸ்டமர்களின் மெசேஜ் உட்பட. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

விளம்பரக் கணக்கில் மொத்தமாகப் பணம் ஏற்றி வைக்காதீர்கள். அந்த மயில்கழுத்துப் பிளவுஸ் இன்னும் கொக்கி வைக்காமல் கிடக்கிறது, நாளைக்கு டெலிவரி. போகிறேன்.