தங்கத் தகடா, முலாமா: பழைய கைக்கடிகாரம் வாங்குமுன்

சென்ற ஆண்டு 1960களைச் சேர்ந்த ஒமேகா கான்ஸ்டலேஷன் ஒன்றை வாங்கினேன். 1952இல் அறிமுகமான இந்த வரிசையின் பழைய கடிகாரங்கள் எஃகிலும், எஃகின்மேல் தங்கத் தகடு போர்த்தியும், 18 காரட் முழுத்தங்கத்திலும் கிடைக்கின்றன. நான் எடுத்தது நடுவிலுள்ளது. சேகரிப்பவர்கள் 'கோல்டு கேப்டு' என்பார்கள். அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு மேல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் தங்க முலாம் பூசிய வேறொரு சுவிஸ் கடிகாரத்தைக் கட்டியிருந்ததால், இந்த இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

கான்ஸ்டலேஷனில் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அக்காலத்துக் கடிகாரங்களில் பெரும்பாலும், தேதி இல்லாததில் 551, தேதி உள்ளதில் 561 என்ற எண்ணுள்ளது என, வெளிக்கூடான உடல் எந்த உலோகமானாலும் உள்ளே இருப்பது 24 ஜூவல் (உராய்வைக் குறைக்கும் செயற்கை மாணிக்கக் கல்) கொண்ட தானியங்கி இயந்திரம்தான். வேறுபாடு முழுவதும் மேற்பரப்பில் இருக்கிறது.

கவரிங் நகை அணிந்த வீடுகளுக்கு முலாமைப் பற்றி விளக்க வேண்டாம். மின்முலாமில் தங்கம் படிந்திருப்பது ஒரு பூச்சாகவே. அடியில் பெரும்பாலும் பித்தளை. தகடு போர்த்தியதில் 80 மைக்ரானிலிருந்து 200 மைக்ரான் வரை தடிமன் சொல்லப்படுகிறது. சாதாரண அச்சுத்தாளின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், இது பூச்சு அல்ல, கையில் எடுக்கக்கூடிய தகடு என்பது புரியும்.

இந்தத் தடிமனின் அருமை பாலிஷ் போடும்போதுதான் தெரியும். என் பழைய கடிகாரத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில், நான் கேட்காமலே சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கித் தந்தார்கள். ஒரே மாதத்தில், பட்டை மாட்டும் கொம்புகளின் நுனியில் பித்தளை தலைகாட்டியது. அடுத்த கோடையில் வியர்வை பட்டு அங்கே பச்சைக் களிம்பு ஏறி, சட்டைக் கையில் கறை படிந்தது. மறுமுலாம் பூசலாம், ஆனால் அதற்கு முன் உடலை மேலும் தேய்ப்பார்கள், கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும், பின்மூடி எழுத்துகளும் மங்கும். தகடு போர்த்தியதோ அன்றாட உராய்வை நெடுநாள் தாங்குகிறது, எங்காவது தேய்ந்தாலும் அடியில் தெரிவது களிம்பேறாத எஃகு. ஆனால் தகடு ஓரிடத்தில் ஓட்டையானால் அதை அப்படியே மீட்க வழியில்லை. ஆகவே பழுதுபார்க்கக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் "பாலிஷ் வேண்டாம்" என்று எழுதியே கொடுக்கிறேன்.

முழுத்தங்கக் கடிகாரத்தை நான் அன்றாடம் அணிந்து பழகியதில்லை. நண்பர் ஒருவருடையதைச் சில நாள் கட்டியதோடு சரி. மறுவிற்பனையில் தங்கத்தின் எடைக்கான மதிப்பு அதற்கு எப்போதும் உண்டு, தகட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஆனால் அதே மதிப்புக்காகவே, தங்கம் விலையேறிய காலங்களில் எத்தனையோ நல்ல உடல்கள் உருக்கப்பட்டன. எஃகு உடல் உழைப்பில் எதற்கும் குறைந்ததில்லை. தங்க நிறத்தில் ஆசை இல்லாதவர் தயங்காமல் அதை எடுக்கலாம்.

தகடு போர்த்தியதையே தேர்ந்தெடுப்பவர் பட்டையைக் கழற்றிக் கொம்புகளின் உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். தங்கம் முடிந்து எஃகு தொடங்கும் கோடு அங்கே நேராகவும் கூர்மையாகவும் ஓடினால் உடல் அதிகம் தேய்க்கப்படவில்லை. கோடு அலைந்தோ, நுனியில் எஃகின் வெள்ளி நிறப் புள்ளி தெரிந்தோ இருந்தால், முகப்பு எவ்வளவு அழகாயிருந்தாலும் அதை விட்டுவிடுவதே நல்லது.