சமமாக வெட்டத் தெரிந்த மென்பொருள் எது?

செவ்வகத்தை நான்காகப் பிரிப்பது எந்த வரைகலை மென்பொருளுக்கும் பெரிய விஷயமில்லை. வட்டத்தை ஏழாகவோ, நட்சத்திரத்தை ஐந்து பட்டைகளாகவோ பிரிக்கச் சொன்னால்தான் சாயம் வெளுக்கிறது. கிரிட் (கட்டம்), கைட் (வழிகாட்டிக் கோடு), ஸ்லைஸ் (துண்டு) என்று மெனுவில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. வடிவத்தைச் சுற்றியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியையோ, படம் வரையும் பரப்பான மொத்த கேன்வாஸையோ பிரித்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துகொள்கின்றன.

இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப், ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிட்டா ஐந்தையும் இங்கே அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். வெட்டிய பிறகு தனித்தனியாக நகர்த்தவும் நிறம் மாற்றவும் கூடிய துண்டுகள் கையில் கிடைக்க வேண்டும். கோடு மட்டும் தெரிந்தால் அது அளந்து குறித்ததோடு சரி.

இல்லஸ்ட்ரேட்டர்

செவ்வகம் என்றால் இதை அடிக்க ஆளில்லை. ஆப்ஜெக்ட் மெனுவில் பாத் (வடிவத்தின் கோட்டுப் பாதை), அதற்குள் ஸ்பிளிட் இன்டு கிரிட். வரிசை எத்தனை, நிரல் எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று கேட்கும். பிரிவியூவை டிக் செய்தால் அங்கேயே தெரிந்துவிடும். இடைவெளியைக் கழிக்கிற கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்கிறது: 1200 பிக்சல் அகலம், 4 நிரல், 20 பிக்சல் இடைவெளி என்றால் நடுவில் வரும் மூன்று இடைவெளிகளுக்கு 60 போக, நிரலுக்கு 285.

இதே கட்டளையை வட்டத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். வட்டம் காணாமல் போய், அது இருந்த இடத்தில் செவ்வகங்கள் வரிசையாக நிற்கும். அதனால் முதலில் வட்டத்தை காப்பி எடுத்துக்கொண்டு, இடைவெளியை 0 வைத்து கிரிட்டாகப் பிரித்து, காப்பியை 'பேஸ்ட் இன் ஃபிரண்ட்' மூலம் மேலே ஒட்டி, எல்லாவற்றையும் தேர்வு செய்து, வடிவங்களை ஒன்றால் ஒன்றை வெட்டும் பாத்ஃபைண்டரில் டிவைட் கொடுக்க வேண்டும். பிறகு அன்குரூப் செய்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைத் துண்டுகளை அழித்தால் வேலை முடிந்தது. சுற்று வழிதான், ஆனால் எந்த வடிவத்துக்கும் செல்லும்.

கோணலான வடிவத்தைப் பட்டை பட்டையாக வெட்ட, இரண்டு கோடுகளுக்கு நடுவே இடைக்கோடுகளை நிரப்பும் பிளெண்ட் இன்னும் நல்லது. வடிவத்தின் இடது ஓரத்தில் ஒரு நேர்கோடு, வலது ஓரத்தில் ஒன்று. இரண்டும் மேலும் கீழும் வடிவத்தைத் தாண்டி நீள வேண்டும். பிளெண்ட் ஆப்ஷன்ஸில் ஸ்பெசிஃபைட் ஸ்டெப்ஸ் எடுத்து, ஐந்து பட்டைக்கு 4 என்று கொடுத்து, இரண்டு கோடுகளையும் பிளெண்ட் செய்யுங்கள். பிறகு பிளெண்டை எக்ஸ்பாண்ட் செய்து, அன்குரூப் செய்து, வடிவத்தையும் சேர்த்துத் தேர்வு செய்து டிவைட். இங்கே பலரும் சறுக்குவது 4க்குப் பதில் 5 போடுவதில்தான்: கோடுகளை எண்ணுகிறோமா, துண்டுகளை எண்ணுகிறோமா என்ற குழப்பம்.

வட்டத்தைக் கூறு போடுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, லைன் கருவிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை: போலார் கிரிட். கேன்வாஸில் ஒரு கிளிக் செய்தால் பெட்டி திறக்கும். ரேடியல் டிவைடர்ஸ் (மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கோடுகள்) 7, கான்சென்ட்ரிக் டிவைடர்ஸ் (உள்ளே வரும் வட்டங்கள்) 0, ஸ்கியூ (கோடுகளை ஒரு பக்கம் நெருக்கும் அளவு) இரண்டிலும் 0. ஏழு கூறுகள் தயார். ஆனால் கான்சென்ட்ரிக் 2 என்றால் வளையங்கள் இரண்டல்ல, மூன்று. ஒரே பெட்டிக்குள் ஒரு எண் துண்டையும் இன்னொன்று கோட்டையும் குறிக்கும்படி வைத்தது யார் யோசனையோ! கிரிட் வந்ததும் அதற்கு ஏதாவதொரு ஃபில் நிறம் (உள்ளே நிரப்பும் நிறம்) கொடுத்துவிட்டு பாத்ஃபைண்டர் டிவைட் செய்யுங்கள். நிறம் இல்லாமல் டிவைட் செய்தால் துண்டுகள் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது.

இங்க்ஸ்கேப்

இலவச மென்பொருள்களில் வடிவத்தை வடிவமாகவே வெட்டத் தெரிந்தது இது. பாத் மெனுவில் இருக்கும் டிவிஷன்தான் கத்தி: கீழே வடிவம், மேலே கோடு, இரண்டையும் தேர்வு செய்து டிவிஷன் கொடுத்தால் வடிவம் இரண்டு துண்டாகும். ஒரு நேரத்தில் இரண்டு பொருளைத்தான் ஏற்கும். கோடுகள் பல இருந்தால், முதலில் அவற்றை பாத் மெனுவின் கம்பைன் மூலம் ஒரே பாத்தாக்கிக்கொள்ள வேண்டும்.

கோடுகளைச் சமமாக நிறுத்த அலைன் அண்ட் டிஸ்ட்ரிபியூட் போதும். ஐந்து பட்டைக்கு ஆறு கோடுகள் வரையுங்கள். முதல் கோடு வடிவத்தின் இடது ஓரத்தில் ஒட்டட்டும், கடைசிக் கோடு வலது ஓரத்தில். ஆறையும் தேர்வு செய்து மையங்கள் சம தூரத்தில் இருக்கும்படி டிஸ்ட்ரிபியூட் செய்துவிட்டு, இரண்டு ஓரக் கோடுகளையும் அழித்துவிடலாம்.

வட்டத்தில் ஒரு நுணுக்கம். இரட்டைப்படை எண்ணிக்கை என்றால் மையம் வழியாகப் போகும் முழு விட்டங்கள் போதும்: எட்டுக் கூறுக்கு 45 டிகிரி இடைவெளியில் நான்கு கோடுகள். ஒற்றைப்படையில் இது நடக்காது. ஏழுக்கு மையத்தில் தொடங்கி விளிம்பில் முடியும் அரைக் கோடுகள்தான் தேவை. உள்ளேயே நின்றுவிடும் ஒற்றைக் கோட்டால் டிவிஷன் எதையும் வெட்டாது. கோடு போடுகிற எண்ணத்தையே விட்டுவிட்டு நேரடியாகக் கூறுகளை வரைவதுதான் இங்கே சரி.

எலிப்ஸ் கருவியில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வட்டம் போட்டு, எடிட் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து ஏழு பிரதிகள் ஆக்குங்கள். பிரதி அதே இடத்தில் அப்படியே உட்காரும் என்பதால் மையம் நகராது. மேலே ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும், பக்கத்தில் ஸ்லைஸ் வகையைத் தேர்வு செய்யும் பொத்தான். முதல் பிரதிக்கு 0, 51.43, அடுத்ததற்கு 51.43, 102.86, பிறகு முறையே 154.29, 205.71, 257.14, 308.57 வரை போய், கடைசி 360இல் முடியும். ஒரே கூறைச் சுழற்றிச் சுழற்றிப் பிரதி எடுப்பதைவிட இது சுத்தம். அந்த வழியில் சுழற்சி மையமான சிலுவையைக் கூறின் நடுவிலிருந்து வட்ட மையத்துக்கு இழுத்து வைக்க மறந்தால் எல்லாம் சிதறும். அதோடு 51.4 என்று சுருக்கிவிட்டால் ஏழு முறையில் 359.8 டிகிரிதான் சேரும். 1000 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தில் மிச்சமுள்ள 0.2 டிகிரி, விளிம்பில் 3.5 பிக்சல் பிளவாகப் பல்லைக் காட்டும்.

கன்ட்ரோல் பிடித்துச் சுழற்றினால் 15 டிகிரிக்கு ஒரு தடவை நிற்கும் வசதியை நம்பலாமா? 6, 8, 12, 24 கூறுகளுக்கு நம்பலாம். 5, 7, 9, 10க்கு வேலைக்கு ஆகாது, 72உம் 40உம் 36உம் 15இன் மடங்குகள் இல்லையே.

இங்க்ஸ்கேப்பின் இன்னொரு பொறி ஸ்ட்ரோக், அதாவது வடிவத்தின் ஓரக் கோடு. 600 பிக்சல் சதுரத்துக்கு 4 பிக்சல் ஸ்ட்ரோக் இருந்தால் அகலம் 604 என்று காட்டும். அதை நான்கால் வகுத்து 151 வைத்தால் கடைசித் துண்டு இளைத்துப் போகும். பிரிஃபரன்ஸஸில் டூல்ஸ் பகுதியில், ஸ்ட்ரோக்கைச் சேர்க்காமல் அளக்கும் ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது வெட்டி முடிக்கும்வரை ஸ்ட்ரோக்கை எடுத்துவிடுங்கள்.

ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிட்டா

ஃபோட்டோஷாப்பின் வியூ மெனுவில் உள்ள நியூ கைட் லேஅவுட் அழகான வசதி. நிரல் எண்ணிக்கையை மட்டும் கொடுத்து அகலத்தைக் காலியாக விட்டால் சமமாகக் கோடு போடும். ஆனால் அது கேன்வாஸை அளக்கிறது, லேயரில் (படத்தின் ஓர் அடுக்கில்) இருக்கும் வடிவத்தை அல்ல. ஃபைலின் பிரதியில் இமேஜ் மெனுவின் டிரிம் மூலம் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டி, கேன்வாஸை வடிவத்தின் அளவுக்குச் சுருக்கினால் கைடுகள் சரியாக விழும். அதன்பின் ஒவ்வொரு கட்டத்தையும் செலக்‌ஷன் எடுத்து 'லேயர் வயா கட்' கொடுக்க வேண்டும். ஷேப் லேயர்களுக்கு இணைக்க, கழிக்க, பொதுவானதை எடுக்க, பொதுவானதை நீக்க வழி உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் உள்ளது போன்ற டிவைட் கிடையாது. வட்டத்தை ஏழாக்க இதைத் திறப்பது வீண் வேலை.

முழுப் படத்தையும் கட்டங்களாக உடைக்க வேண்டுமென்றால் அது வேறு கதை. ஸ்லைஸ் செலக்ட் கருவியில் டிவைட் ஸ்லைஸ் கொடுத்து எண்ணைச் சொன்னால் போதும்.

கிம்ப்பில் அதே வேலைக்கு இமேஜ் மெனுவில் கைட்ஸ், அதற்குள் சதவீதத்தில் புதிய கைட். மூன்றாக்க 33.33, 66.67. பிறகு ஸ்லைஸ் யூஸிங் கைட்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் தனிப் படமாகத் திறக்கும். கிம்ப்பில் கைட் முழு பிக்சலில்தான் நிற்கும், அதனால் 1000 பிக்சல் அகலத்தை மூன்றாக்கினால் எங்கோ ஒரு துண்டு ஒரு பிக்சல் கூடத்தான் செய்யும். முன்கூட்டியே படத்தை 999 அல்லது 1002 ஆக்கிக்கொள்வது நல்லது.

கிரிட்டாவின் இமேஜ் ஸ்பிளிட்டும் படத்தைத்தான் வெட்டும், வடிவத்தை அல்ல. அங்கே கேட்பது கோடுகளின் எண்ணிக்கை: 4 என்றால் ஐந்து துண்டு.

சமம் என்றால் எது சமம்?

எந்த மென்பொருளும் கேட்காத கேள்வி இது. வட்டத்தை ஒரே அகலமுள்ள மூன்று செங்குத்துப் பட்டைகளாக வெட்டினால் நடுப்பட்டைக்கு 41.6 சதவீதப் பரப்பு போய்விடும், ஓரத்துக்குத் தலா 29.2தான். அலங்காரத்துக்குப் பரவாயில்லை. புள்ளிவிவரப் படத்துக்கு அது பொய். பரப்பு சமமாக வேண்டுமானால், 1000 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தில் கோடுகள் 333இலும் 667இலும் அல்ல, 367.5இலும் 632.5இலும் நிற்க வேண்டும்.

வளையங்களில் வித்தியாசம் இன்னும் மோசம். போலார் கிரிட் சம இடைவெளியில் போடும் மூன்று வளையங்களின் பரப்பு 1:3:5 என்ற விகிதத்தில் வரும். 300 பிக்சல் ஆரத்தில் பரப்பைச் சமமாக்க, உள் வட்டங்களின் ஆரம் 173.2, 244.9 என்று வைக்க வேண்டும்.

முக்கோணம் சாது. அடிப்பக்கத்தைச் சம நீளங்களாகக் குறித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் எதிர் முனைக்குக் கோடு இழுத்தால் பரப்பும் தானாகச் சமமாகிவிடும்.

நீள்வட்டத்தைச் சம கோணத்தில் வெட்டினால் கூறுகள் சமமாக வராது. முதலில் வட்டமாகவே வெட்டி, துண்டுகளை குரூப் செய்து, பிறகு குரூப்பை அமுக்கி நீள்வட்டமாக்குங்கள். ஒரு திசையில் அமுக்கும்போது எல்லாப் பரப்பும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் சமம் கலையாது. சரிபார்க்க இங்க்ஸ்கேப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ், விஷுவலைஸ் பாத், மெஷர் பாத் போய் ஏரியாவைத் தேர்வு செய்தால் துண்டின் மேலேயே பரப்பை எழுதிக் காட்டும். இல்லஸ்ட்ரேட்டரை விட்டு இதைத் திறக்க இந்த ஒன்றே போதுமான காரணம்.

கடைசியாக, ஏற்றுமதி செய்த படத்தில் துண்டுகளுக்கிடையே முடி போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் வெட்டு தப்பாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஓரங்களும் தனித்தனியாக மென்மையாக்கப்படும்போது இரண்டும் பாதி ஒளிபுகும் பிக்சலாகி, பின்னணி எட்டிப் பார்க்கிறது. நேர்ப்பட்டைகள் என்றால் எல்லைகளை முழு பிக்சலில் நிறுத்தினால் போய்விடும். சாய்ந்த வெட்டுக்கு, வெட்டாத முழு வடிவத்தின் பிரதி ஒன்றை ஒத்த நிறத்தில் அடியில் வையுங்கள், அல்லது துண்டுகளுக்கு அவற்றின் சொந்த நிறத்திலேயே 0.5 பிக்சல் ஸ்ட்ரோக் கொடுங்கள். லேசர் வெட்டுக்கோ ஸ்டிக்கர் வெட்டுக்கோ போகும் ஃபைலில் மட்டும் இந்த இரண்டையும் செய்யக் கூடாது. அங்கே இயந்திரம் பாத்தைத்தான் பின்தொடரும், அடியில் வைத்த பிரதியையும் சேர்த்து இரண்டு முறை வெட்டும்.